திங்கட்கிழமை என்ன ஆச்சு?

நடுவர் அவர்களே, பேசிக் களைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணியினரே (நல்ல வேளை, தண்ணீர்தான்), பொங்கலும் அதுவுமாக ஹெல்சின்கிப் பனியில் வழுக்கி விழாமல் வந்து சேர்ந்த சபையோரே, வணக்கம்.

பின்லாந்துக்காரரோடு பழகக் கைகொடுப்பது மதுவா, மற்றவையா? இதுதானே தலைப்பு. இங்கே ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் பாட்டிலைத் திறக்கணும் என்றார் எதிரணித் தலைவர். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், வசனம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திறந்த வாய் மறுநாள் என்ன ஆனது என்று அவர் சொல்லவே இல்லையே!

நான் சொல்கிறேன். வந்த முதல் வருடம், நவம்பர் கடைசி, அலுவலகத்தில் பிக்குயோலு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய விருந்து. எட்டு மாதமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து 'மொய்' என்ற ஒரே சொல்லைத் தவிர (நம்மூர்க் கல்யாண மொய் இல்லை, இவர்கள் ஊர் வணக்கம்) எதுவும் பேசாத மனிதர், அன்றைக்கு நாலாவது கிளாஸுக்கு அப்புறம் என் தோளில் கைபோட்டு, அப்பா செத்துப்போனது, ஏரிக்கரை வீட்டை விற்க மனசு வராதது, எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார். எனக்கு ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை உரிமையோடு போய் முதுகில் ஒரு தட்டு. மனிதர் நெளிந்தார், காப்பி மெஷினைப் பார்த்து 'மொய்' என்றார். பழைய குருடி கதவைத் திறடி!

அவர் மேல் தப்பில்லை. போதையில் சொன்னதை மறுநாள் யாரும் கிளறாமல் விடுவதுதான் மரியாதை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் ஒரு ராத்திரி லீவு எடுத்தார், நான் அதை உறவு என்று எண்ணிவிட்டேன்.

மது ஆட்களைச் சேர்க்கிறதாம். அப்படியானால் 'கல்சரிகேன்னித்' என்று இவர்கள் மொழியில் ஒரு சொல் எதற்கு? வெளியே போகும் உத்தேசமே இல்லாமல், வீட்டில் உள்ளாடையோடு உட்கார்ந்து தனியாகக் குடிப்பதற்குப் பெயர் அது. இவர்களுடைய வெளியுறவு அமைச்சகமே அதற்கு எமோஜி வெளியிட்டது. பாருக்குப் போனாலும் அவரவர் கிளாஸுக்கு அவரவர்தான் காசு கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் ஒருவரே வாங்கித்தரும் வழக்கம் பெரிதாக இல்லை. இதுவா சேர்த்து வைக்கிற சரக்கு?

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன். 1919 முதல் 1932 வரை இங்கே மதுவிலக்கு. அதற்குப் பிறகு ஆல்கோ என்ற அரசுக் கடை மட்டும் (டாஸ்மாக் பார்த்த நமக்கு இதெல்லாம் பழகினதுதான், சிரிக்காதீர்கள்). அந்தக் கடையும் அப்போதெல்லாம் நகரத்தில்தான். கிராமப்புறத்துக்கு அனுமதியே கிடையாது. மளிகைக் கடைக்கு நடுத்தர வீரியமுள்ள பீர் வந்ததே 1969இல். அதுவரை கிராமத்து ஜனங்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமலா இருந்தார்கள்? பெண் எடுக்கவில்லையா, கொடுக்கவில்லையா? திருட்டுச் சாராயம் இருந்தது என்று எதிரணியில் முணுமுணுக்கிறீர்கள், காதில் விழுகிறது. இருந்ததுதான். ஆனால் வந்தவரை உட்கார வைத்து அடுப்பில் ஏற்றியது காப்பி. இன்றைக்கும் தலைக்குக் காப்பி குடிப்பதில் உலகத்திலேயே முன்வரிசை இந்த நாடு, வேலை ஒப்பந்தத்திலேயே காப்பி இடைவேளை எழுதியிருக்கும்.

அந்த மனிதர் கதையை முடிக்கிறேன், நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். அடுத்த ஜூனில் அவர் வீடு மாற்றினார். ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார், போனேன். 'தல்கோத்' என்பார்கள், கூலி இல்லாமல் கூடிச் செய்கிற வேலை. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு சோபாவை இறக்கினோம், அது படிக்கட்டில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்ததில் எனக்கு ஒரு நகம் போனது. முடிந்ததும் சௌனாவுக்கு, அதாவது நீராவிக் குளியல் அறைக்கு, வா என்றார்.

சுமார் 56 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 30 லட்சம் சௌனா இருக்கிற நாடு இது. உள்ளே துணி இல்லை, பதவி இல்லை, முகத்தைப் பார்த்தே ஆகணும் என்ற கட்டாயமும் இல்லை, எல்லாரும் கல்லடுப்பைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். கூச்ச சுபாவத்துக்கு இதைவிட வசதி ஏது? ஆமாம், அவர் கையில் ஒரு பீர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் நீட்டினார். குடிப்பதில்லை என்றேன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, ஆரஞ்சு ஜூஸ் வந்தது. அப்புறம் கால் மணி நேரம் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. கல் மேல் தண்ணீர் ஊற்றினார், ஆவி வந்தது. திடீரென்று, அடுப்பைப் பார்த்தபடியே, "அந்த ஏரிக்கரை வீட்டை விற்கவில்லை" என்றார்.

ஏழு மாதம் கழித்து! எதுவுமே மறக்கவில்லை, நடுவர் அவர்களே. கையில் இருந்த பீரில் ஒரு வாய்கூட அதுவரை குடித்திருக்கவில்லை. எதிரணி இதை மறுக்கட்டும். இப்போது மணியை அடியுங்கள்.