போர்ட்டபிள் ஏசி: ஒரு குழாயா, ரெண்டு குழாயா?

வணக்கமுங்க. ஈரோட்டு வெயில் எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க ஓனர் விடமாட்டார், உருட்டிக்கொண்டு போகிற போர்ட்டபிள் ஏசி வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் பின்னால் எத்தனை குழாய் என்று முதலில் பாருங்கள்.

இது ஒரு குழாய் மெஷின், இப்போது ஓடுகிறது. கதவைச் சாத்திவிட்டு, கீழ் இடுக்குக்கு நேராக ஒரு பனியன் நூலைப் பிடிக்கிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். தெரிகிறதுங்களா? நூல் அறைக்குள் சாய்ந்து படபடக்கிறது. ஏசியை அணைக்கிறேன்... பாருங்கள், நேராகத் தொங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அறையின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற சுருள்தான் உள்ளே இருக்கும் கண்டன்சர் காயில். அதன் சூட்டை வெளியே தள்ளக் காற்று வேண்டும். ஒரு குழாய் மெஷின் அதை நம் அறையிலிருந்தே எடுக்கிறது. கரண்ட் பில் கட்டிக் குளிர வைத்த காற்றைக் குழாய் வழியாக வெளியே அனுப்பிவிடுகிறது. மணிக்குச் சில நூறு கன மீட்டர் போகும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான்! போன அளவுக்கு வெளியிலிருந்து அனல் காற்று உள்ளே வந்தே தீரும். கதவிடுக்கு, ஜன்னல் சந்து, ஓட்டு வீடாக இருந்தால் கூரை முழுக்க வழிதான். எலி வளை விழுந்த வரப்புக்குள் தண்ணீர் கட்டுகிற கதை. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அதுவும் இலவசமாக வரும்.

ரெண்டு குழாய் மெஷினில் ஒன்று வெளிக்காற்றை இழுத்துக் கண்டன்சருக்குக் கொடுக்கும், இன்னொன்று அதையே சூடாக வெளியே விடும். அறைக் காற்று அறையிலேயே சுற்றும். அதற்காக முழு மார்க் போட முடியாது. 40 டிகிரி காற்றை வைத்துக் காயிலை ஆற்ற வேண்டியிருப்பதால் கம்ப்ரசருக்குப் பாடு அதிகம். சில மாடல் அறைக் காற்றையும் கொஞ்சம் சேர்த்தே இழுக்கும். இருந்தாலும் நம்ம வெயிலுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் பிடியூ கணக்கை, அதாவது எவ்வளவு குளிர வைக்கும் என்கிற எண்ணை, அப்படியே நம்பாதீர்கள். 12,000 பிடியூ என்றால் ஒரு டன். பழைய சோதனை முறையில் இந்த உள்ளே புகும் காற்று கணக்கிலேயே வராது. 2016-இல் அமெரிக்க எரிசக்தித் துறை அதையும் கழித்துப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தது. பெட்டியில் பெரிதாகப் போட்ட எண் அதில் நன்றாக இறங்கிவிடுகிறது. அந்தச் சோதனையிலும் வெளிவெப்பம் அதிகபட்சம் 35 டிகிரிதான். நம்ம ஊர் மே மாதத்துக்கு அது காலைப் பொழுது.

ஏற்கெனவே ஒரு குழாய் வாங்கியவர்கள் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். வளைக்காமல் குட்டையாக விட்டு, மேலே இன்சுலேஷன் சுற்றுங்கள். சும்மா விட்டால் அந்தக் குழாயே அறைக்குள் ஒரு ஹீட்டர். ரெண்டு குழாய்க்காரர்கள் ஜன்னலில் வாய் இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். ஓனர் மனசு வைத்தால் மட்டும் இது எதுவும் வேண்டாம், பேசாமல் ஸ்ப்ளிட் போட்டுக்கொள்ளுங்கள்.