இரண்டு குடைகளும் ஒரு முள்ளெலியும்

(வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு படம் போடுவதற்கு முன்னால், எனக்குப் பிடித்த ஓவியர்களையும் கார்ட்டூன் கலைஞர்களையும் பற்றிப் பேசியது. இடையில் மின்சாரம் போன ஐந்து நிமிடத்தையும் என் இருமலையும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையில் காலி வீதியைக் கடந்து வந்து சேர்ந்தீர்களே, அதற்கே நான் நன்றி சொல்லவேண்டும். வாசலில் குடைகள் வரிசையாகச் சாத்திக் கிடக்கின்றன. போகும்போது அவரவர் குடையைப் பார்த்து எடுங்கள். ஏனென்றால் நான் முதலில் பேசப்போவதே ஒரு குடைக்கள்ளனைப் பற்றித்தான்.

சிபில் வெத்தசிங்க எழுதி வரைந்த சிங்களச் சிறுவர் புத்தகம் 'குட ஹொரா' (குடைக்கள்ளன்) 1956இல் வந்தது. காலிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அவர், ஓவியத்தை முறையாக எங்கும் படித்தவரல்ல. நான் அந்தப் புத்தகத்தைச் சிறுவயதில் பார்க்கவில்லை. டி. ஆர். விஜயவர்த்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் வேறு எதையோ தேடப்போய், என் மகளுக்கென்று வாங்கிவந்தேன். மகள் ஒருமுறை பார்த்தாள். நான் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குடையே தெரியாத ஊர். மழை வந்தால் ஆட்கள் வாழையிலையையோ சாக்கையோ பெட்டியையோ தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். கிரிமாமா பட்டணத்துக்குப் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். வழியில் ஒரு கடைக்குள் போய்விட்டுத் திரும்புவதற்குள் அதைக் காணவில்லை. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் காணவில்லை. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே தேடிப்போனால், குடைகளெல்லாம் ஒரு மரத்தில் தொங்குகின்றன. கள்ளன் ஒரு குரங்கு. அவர் ஒரேயொரு குடையைக் குரங்குக்கு விட்டுவிட்டு மீதியை எடுத்துவந்து கடை போடுகிறார். கதை இவ்வளவுதான். ஆனால் தலையில் சாக்கோடும் இலையோடும் போகிற அந்தச் சனத்தைப் பாருங்கள். நனைந்ததற்காக ஒருவர்கூட அழுதுவடியவில்லை. மழை அவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாமியார் மாதிரி. வந்தால் இருந்துவிட்டுத்தான் போகும்.

சரி, அடுத்த குடை. ஜப்பானின் ஹயாவோ மியாசாகி இயக்கிய கார்ட்டூன் படம் 'மை நெய்பர் டொட்டோரோ', 1988. இங்கே பிள்ளைகள் பலருக்கும் தெரியும், கைகள் உயர்கின்றன. இரவு, மழை, ஒரு பஸ் தரிப்பிடம். தங்கையை முதுகில் சுமந்தபடி அக்கா தந்தைக்காகக் காத்து நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பெரிய உருவம் வந்து நிற்கிறது, அதுதான் டொட்டோரோ, தலையில் ஒரு இலை. நம் கிரிமாமாவின் ஊரில் இருப்பதுபோலவே! 32 வருட இடைவெளியில் இரண்டு தீவுகளில் இரண்டு பேர் மழைக்கு அதே இலையைத்தான் பிடித்திருக்கிறார்கள். அக்கா தந்தைக்குக் கொண்டுவந்த குடையை அதற்குக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு துளி 'டொப்' என்று குடைமேல் விழுகிறது. டொட்டோரோவின் கண் விரிகிறது. பிறகு இன்னொரு துளி. அந்தச் சத்தம் பிடித்துப்போய் அது எம்பிக் குதிக்க, மரத்திலிருந்த தண்ணீர் முழுக்கக் கொட்டுகிறது.

அந்த முதல் துளிக்கு முன்னால் எவ்வளவு நேரம் ஒன்றுமே நடக்காமல் போகிறது என்று கவனித்தீர்களா? அந்த 'ஒன்றுமே நடக்காத' நேரத்துக்காகத்தான் எனக்கு இந்தக் கலைஞர்களைப் பிடிக்கிறது. எவ்வளவு வரைந்தார்கள் என்பதைவிட, எங்கே கையை எடுத்தார்கள் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு சோகக்கதை உண்டு. இளவயதில் கொழும்பில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் படம் வரைந்துகொடுத்தேன். கடற்கரையில் ஒரு சிறுவன், மேலே பாதிப் பக்கத்துக்கு வெறும் வானம். இந்தியன் மையில் ஒரு கோடுகூட அங்கே போடவில்லை, எனக்கு அதில் பெரிய பெருமை. இதழ் வந்தது. வானத்தில் பற்பொடி விளம்பரம். இடம் சும்மாதானே கிடந்தது என்றார்கள். என் சிறுவன் பற்பொடி டப்பாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தார், விளம்பரத்தையும் சேர்த்து.

அதனால்தான் ஓவியர் டைரஸ் வோங்கின் கதையைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. 1910இல் சீனாவில் பிறந்தவர். 1920இல், சிறுவனாக, தந்தையோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, ஏஞ்சல் தீவின் குடிவரவு முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். 1938இல் டிஸ்னியில் அவருக்குக் கிடைத்தது இன்பிட்வீனர் வேலை. பெரிய கலைஞர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை வரைந்துவிடுவார். கை மேசையிலிருந்து கோப்பைக்குப் போகவேண்டும் என்றால், நடுவிலுள்ள எல்லாக் கைகளையும் இவர் வரையவேண்டும். நாள் முழுக்கக் கை, கை, கை.

அப்போது அங்கே 'பாம்பி' என்ற மான்குட்டிப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் காட்டை இலை இலையாக வரைந்தார்கள். அந்த இலைகளுக்குள் மான் தொலைந்துபோனது. வோங் தானாகவே சில மாதிரி ஓவியங்கள் தீட்டிக் காட்டினார். பழைய சோங் காலத்துச் சீன நிலக்காட்சிகளின் வழியில், கொஞ்சம் பனிமூட்டம், கொஞ்சம் வெளிச்சம், இரண்டு மரத்தண்டு. மீதிக் காட்டைப் பார்க்கிறவர் மனம் வளர்த்துக்கொள்ளும். அந்தப் படத்தின் தோற்றமே அதன்பிறகுதான் அமைந்தது. ஆனால் 1941இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தை அடுத்து அவர் வேலை போய்விட்டது. 1942இல் படம் வெளிவந்தபோது பின்னணி ஓவியர்கள் வரிசையில் பத்தோடு பதினொன்றாக அவர் பெயர். முதுமையில் பட்டம் செய்து கடற்கரையில் விட்டுக்கொண்டிருந்தார். 106 வயதில், 2016இல் காலமானார். காலிமுகத்திடலில் பட்டம் விற்கிறவர்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

நம் பக்கத்தில் யார் என்று கேட்பீர்கள். அம்புலிமாமா படித்தவர்களுக்குச் சங்கரைச் சொல்லாமல் விடமுடியுமா? கே. சி. சிவசங்கரன். தோளில் பிணம், கையில் வாள், நடந்துகொண்டேயிருக்கும் விக்கிரமாதித்தன். எனக்கு அந்தப் பிணம் பயமில்லை. ராஜாவின் நடையில் அவசரமே இல்லாததுதான் பயம். அதை வரைந்த கை யாருடையது என்று விசாரிக்கவே எங்களுக்குத் தோன்றவில்லை. 2020இல் அவர் காலமான செய்தியில்தான் எங்கள் வீட்டில் பலர் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்டார்கள். வெட்கம்தான். அப்புறம் தஞ்சாவூர்க்காரர் கோபுலு, ஆனந்த விகடனில் ஒரு வசனமும் இல்லாமல் ஜோக் போட்டவர். நம்மூரில் சுந்தர், சிரித்திரன் சிவஞானசுந்தரம். 1960களில் இதே கொழும்பில் அந்தச் 'சிரித்திரன்' நகைச்சுவைப் பத்திரிகையைத் தொடங்கிப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய கார்ட்டூன் பாத்திரம் சவாரித்தம்பரை நினைத்தால் எனக்கு அட்டகாசமான சிரிப்பு வராது. ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் ஞாபகம் வரும். அது இன்னும் கஷ்டமான வேலை.

தொலைக்காட்சி என்றால் ரூபவாஹினி. டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் மாற்றித் தந்த கார்ட்டூன்களில்தான் எங்கள் தெருப்பிள்ளைகள் பாதிச் சிங்களம் கற்றார்கள். பக்ஸ் பனியை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்த முயலின் பல படங்களை இயக்கியவர் சக் ஜோன்ஸ். அவருடைய ரோட் ரன்னர் கார்ட்டூனில், அந்தப் பறவையைத் துரத்தும் கொயோட்டி என்ற ஓநாய் மலைவிளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்று, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகுதான் விழும். விழுவதற்குச் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வைக்குத்தான் சிரித்திருக்கிறோம்.

இன்றைக்கு? கமிலஸ் பெரேரா வரைந்த சிங்களக் கார்ட்டூன் பாத்திரம் கஜமன் 2023இல் முப்பரிமாணப் படத்தில் நடந்தது, நல்ல காரியம். என்றாலும் என் மனம் பேனாக் கோட்டுக் கஜமனிடம்தான் நிற்கிறது. அயர்லாந்தில் டொம் மூரும் ரோஸ் ஸ்டூவர்ட்டும் இயக்கிய 'வுல்ஃப்வாக்கர்ஸ்' (2020) பாருங்கள். ஓநாய்கள் ஓடும்போது முதல்வரைவுப் பென்சில் கோடுகளை அழிக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள்.

கடைசியாக ரஷ்யாவின் யூரி நோர்ஸ்டைன். மியாசாகி பிறந்த அதே 1941இல் பிறந்தவர். இன்று நாம் பார்க்கப்போகும் அவருடைய குறும்படம் 'மூடுபனியில் முள்ளெலி', 1975. ஒரு முள்ளெலி, தன் நண்பன் கரடிக்குட்டியோடு சேர்ந்து நட்சத்திரம் எண்ணப் போகிறது. கையில் ராஸ்பெரி ஜாம். வழியில் பனிக்குள் ஒரு வெள்ளைக் குதிரை தெரிகிறது. கீழே இறங்கிப் பார்க்கலாம் என்று போய்த் தொலைந்துவிடுகிறது. அந்தப் பனியைக் கணினி செய்யவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தட்டுகள், அவற்றில் வெட்டிய உருவங்கள், மேலே ஒரு மெல்லிய ஒளிபுகும் தாள். அந்தத் தாளை ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கமெராவை நோக்கி உயர்த்தினால் உருவம் மங்கும், இறக்கினால் தெளியும். நீங்களும் வீட்டில் ஒரு படத்தின்மேல் எண்ணெய்த்தாளைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உருவங்களை வரைந்தவர் அவருடைய மனைவி பிரான்செஸ்கா யார்புசோவா.

இனி நான் பேசினால் கெட்டுப்போகும். படத்தைப் போடுகிறோம், பத்து நிமிடந்தான். பின்வரிசையில் இருக்கிற பிள்ளைகள் முன்னால் வந்து தரையில் உட்காருங்கள். தம்பி, அந்த மின்விசிறியையும் ஒருக்கால் நிறுத்துங்கோ, சத்தம் போடுகிறது. பிளேன்டீ படம் முடிந்த பிறகுதானாம்.