கலர் நம்பர் சரி, கதவு மட்டும் ஏன் வெளுப்பு?

அடுத்த கேள்வி அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணே, என்னுடையது சில்வர் நிற டொயோட்டா விட்ஸ் கார். முன் இடது கதவு அடிபட்டு, டிங்கர் வேலை முடித்துப் பெயிண்ட் அடித்தோம். கலர் நம்பர் பார்த்துத்தான் கலந்தார்கள். ஆனால் வெயிலில் நேரே நின்று பார்த்தால் அந்தக் கதவு மட்டும் வெளுப்பாக இருக்கிறது. பின்னாலிருந்து சரித்துப் பார்த்தால் அதே கதவு இருட்டாகத் தெரிகிறது. பெயிண்ட் கலந்த கடை பிழையா, அடித்தவர் பிழையா?"

தம்பி, பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நேரே வெளுப்பு, சரித்தால் இருட்டு. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் கடையைச் சந்தேகப்பட மாட்டேன், பெயிண்ட் தெளிக்கிற கன் பிடித்த கையைத்தான் பார்ப்பேன். கடை கலந்தது பிழை என்றால் பெரும்பாலும் எங்கே நின்று பார்த்தாலும் பிழையாகத்தான் தெரியும்.

சில்வர் பெயிண்டுக்குள் இருப்பது அலுமினியத் துகள். மீன் செதிள் மாதிரித் தட்டையானது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டை ஈரமாக அடித்தால் துகள் உள்ளே இறங்கி, ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்று சரிந்து கிடக்கும். நேரே பார்க்கும்போது நிறம் கொஞ்சம் இருண்டு இருக்கும். காய்ந்த மாதிரி அடித்தால், அதாவது கன் தூரத்தில், காற்று அழுத்தம் அதிகமாக, பெயிண்டை இளக்குகிற தின்னர் வழியிலேயே பறந்துவிட்டால், துகள் எல்லாம் மேலே படுத்துக்கொள்ளும். அத்தனையும் குட்டிக் கண்ணாடி மாதிரி. நேரே நிற்பவர் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், சரிந்து பார்ப்பவருக்கு ஒன்றும் வராது. அதுதான் உங்கள் கதவு.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சூடாக, காய்ந்து வருகிற கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் ஒரு மணிக்கு சில்வர் அடித்தால் வேறு என்ன நடக்கும்? கன்னிலிருந்து கதவுக்குப் போவதற்குள் பாதி தின்னர் காற்றில் போய்விடும். தின்னரில் சூட்டுக்கு என்றே மெதுவாகக் காய்கிற ஸ்லோ இருக்கிறது, அதை வாங்க வேண்டும். இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு அடியுங்கள். நான் கன்னைப் பதினைந்து, இருபது சென்டிமீட்டருக்கு மேல் விலக்குவதில்லை. ஒரு கை வீச்சு அடுத்த வீச்சின் மேல் பாதிக்கு மேலாவது ஏற வேண்டும்.

இனி கலர் நம்பர். பொனட்டைத் திறந்தால் பின்னால் உள்ள தகட்டிலோ, கதவுத் தூணிலோ ஒரு பிளேட் இருக்கும். டொயோட்டாவில் சி/டிஆர் (C/TR) என்று போட்டு, உங்கள் சில்வர் என்றால் அநேகமாக 1எஃப்7 என்று இருக்கும். சரி, நம்பர் கிடைத்துவிட்டது. ஆனால் அது ஒரு நிறத்தின் பெயர்தான். ஒரே நம்பரில் இந்தத் தொழிற்சாலையில் அடித்தது, அந்த வருடம் அடித்தது என்று சின்னச் சின்ன வித்தியாசம் வரும். அதனால்தான் பெயிண்ட் கம்பனிகளே ஒரு நம்பருக்கு நாலைந்து கலவை வைத்திருக்கின்றன: கொஞ்சம் நீலம் ஓடியது, கொஞ்சம் மஞ்சள் ஓடியது, துகள் பெரியது. அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு வருட வெயில் இருக்கிறது. கடையில் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொடுத்து, இதற்குப் பொருந்துகிற கலவையைப் பாருங்கள் என்று கேளுங்கள். கொடுப்பதற்கு முன் மூடியின் வெளிப்பக்கத்தைக் கட் அண்ட் பொலிஷ் பண்ணுங்கள், அதாவது மங்கல் போகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அழுக்குக்கும் மங்கலுக்கும் பெயிண்ட் கலக்கக் கூடாது.

அடிப்பதற்கு முன் நிறத்தைச் சோதிக்க, இதோ என் கையில் இருக்கிற அட்டையைப் பாருங்கள். கமராவைக் கிட்டக் கொண்டு வாருங்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கதவுக்கு அடிக்கிற அதே கன், அதே அழுத்தம், அதே எண்ணிக்கை கோட். கறுப்பு வெள்ளைக் கோடு மறையும் வரை அடித்து, காயவிட்டு, கிளியரும், அதாவது மேலே வருகிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சும், அடித்திருக்கிறேன். கிளியர் இல்லாமல் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கிளியர் ஏறியவுடன்தான் நிறம் கொஞ்சம் இருளும், ஆழம் வரும். இந்த அட்டையை வாகனத்தில் ஒட்டி, நேரேயும் பார்க்க வேண்டும், சரித்தும் பார்க்க வேண்டும். வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம்.

வெயில் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நான் வேலை பழகிய காலத்தில் ஒரு சாம்பல் நிற வாகனத்தின் பெண்டருக்கு, அதாவது முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டுக்கு, இரவு ரியூப் லைட்டுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக டின்ட், அதாவது நிறச் சாயம், விட்டு நிறம் பிடித்தேன். அச்சு அசலாக வந்தது. பெரிய பெருமை எனக்கு. விடிய அந்த ஐயா வாகனத்தை எடுத்துக்கொண்டு போனார், மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் தாண்டவில்லை, திரும்பி வந்துவிட்டார். "தம்பி, இரண்டு வாகனத்தை வெட்டி ஒட்டினீங்களா?" என்றார். வெயிலில் அந்தப் பெண்டர் பச்சை ஓடி நின்றது. டின்ட் சேர்மானம் வேறு என்றால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரிந்துவிடும். அந்தப் பெண்டரை என் செலவில் திரும்ப அடித்தேன்.

இவ்வளவு செய்தாலும் சில்வரில் நூற்றுக்கு நூறு வராது. என்னாலும் முடியாது. அதனால்தான் பிளெண்ட். உங்கள் விஷயத்தில் கதவுக்கு முன்னால் பெண்டர், பின்னால் பின் கதவு. இரண்டையும் லேசாகத் தேய்த்து, சில்வரைக் கதவில் முழுதாக அடித்து, இரண்டு பக்கமும் போகப் போக மெலிந்து மறைகிற மாதிரி விட வேண்டும். கிளியர் மட்டும் மூன்றுக்கும் முழுதாக. கிளியரை நடுவில் வெட்டினால் ஆறு மாதத்தில் அந்த விளிம்பு காட்டிக் கொடுக்கும். பக்கத்துக் கதவு நல்லாத்தானே இருக்கிறது, அதற்கு ஏன் காசு என்று வாடிக்கையாளர் கேட்பார். அந்தக் காசுதான் கண்ணை ஏமாற்றுகிறது.

இடையில் ஒன்று, கிளியர் இறுகுவதற்காக அதற்குள் ஊற்றுகிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. முகத்தில் லேஞ்சி கட்டிக்கொண்டு அடிக்கிற பொடியன்மார் பார்க்கிறீர்கள் என்றால், அது நெஞ்சுக்குள் போகும் சாமான். அதற்குரிய மாஸ்க் போடுங்கள்.

வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லையா என்று கீழே ஒருவர் கேட்கிறார். டொயோட்டா நம்பரில் 040 சாதா வெள்ளை என்றால் துகள் இல்லை, எளிது. 070, முத்து மாதிரி மினுங்குகிற பேர்ல் வெள்ளை என்றால் சில்வரை விடக் கஷ்டம். கீழே வெள்ளை, நடுவில் பேர்ல், மேலே கிளியர். நடுவில் ஒரு கோட் கூடினாலே நிறம் மாறிவிடும். அதற்கு நான் மூன்று அட்டை அடிப்பேன், இரண்டு கோட், மூன்று கோட், நான்கு கோட் என்று.

தம்பி, அந்தக் கதவை உரிக்கத் தேவையில்லை. பழைய வேலை நன்றாகப் பிடித்திருந்தால் தேய்த்து, மேலேயே திரும்ப அடித்து, பெண்டருக்கும் பின் கதவுக்கும் இழுத்துவிடச் சொல்லுங்கள். முதலில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டை அடிக்க நேரமில்லை என்றால் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.