கச்சான் காலத்தில் கணினிப் பலகைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தொலைபேசி திருத்தும் தம்பிமாரிடம், உரசலால் பொருட்களிலும் உடலிலும் தேங்கும் நிலைமின்னைப் பற்றிப் பேச்செடுத்தால், கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் அதற்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மார்கழி மழையில் பொருட்களின் மேல் படியும் மெல்லிய ஈரப்படலம் மின்னேற்றத்தைத் தங்கவிடாமல் கசியவிடுகிறது. ஆனால், மேற்கு மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று ஆனி, ஆடியில் வீசும்போது, அதுவும் குளிரூட்டிய அறைக்குள், பொலியெஸ்தர் சட்டையோடு பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்புகின்ற ஒருவரின் உடலில் சில ஆயிரம் வோல்ற்று சேர்ந்துவிடக்கூடும்.

விரல் நுனியில் அந்தப் பொறியை உணர ஏறத்தாழ 3000 வோல்ற்று வேண்டும். சில நுண்சில்லுகளோ 100 வோல்ற்றுக்கும் குறைவான மின்னிறக்கத்திலேயே பழுதாகும். அவற்றின் திரான்சிஸ்டர்களில் உள்ள, மின்னைக் கடத்தாத காவலிப் படலம் சில நனோமீற்றர் தடிப்பே உடையது. எனவே கையில் எதுவும் சுடவில்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. சில சில்லுகள் உடனே செத்துப்போவதுமில்லை. காயத்தோடு வேலை செய்து, பிறகு விழும். ஒரு கச்சான் காலத்தில் நண்பரின் மடிக்கணினிக்கு நான் பொருத்திய நினைவகத் தகடு மூன்று கிழமைதான் உழைத்தது. தகடே பழுதென்று விற்றவரோடு வாதாடினேன். நான் அன்று மணிக்கட்டுப் பட்டி அணிந்திருக்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பட்டிக்குள் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 1 மெகா ஓம் தடையி ஒன்று இருக்கும். உடலின் ஏற்றத்தை அந்தப் பட்டி, செருகியின் புவிக்கம்பி வழியே மெதுவாக நிலத்துக்கு இறக்கும்; தற்செயலாக 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தில் கை பட்டாலும், பட்டிவழியே பாயும் மின்னோட்டத்தை கால் மில்லியம்பியருக்குள் அடக்கிவிடும். காசை மிச்சம் பிடிக்க வெறும் செப்புக்கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வோரைக் கண்டிருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

கழற்றிய பலகையை ரெஜிபோமின் (பொதிகளில் வரும் வெள்ளை நுரைத் தகட்டின்) மேல் வைக்காதீர்கள். பொறியைத் தடுக்கும் வெள்ளி நிற நிலைமின் காப்புப் பைக்குள் இடுங்கள். இளஞ்சிவப்புப் பை தான் ஏற்றமடையாதே தவிர, வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது.

இன்னொன்று: பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளைச் செருகி இருக்கும், அதன் பின்னே புவிக்கம்பி இருக்காது. அப்படியான செருகியில் தொடுத்த பட்டியால் பயனில்லை. பட்டி வாங்க முன்னர், மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு அந்தக் கம்பியைப் பரிசோதிப்பியுங்கள்.