இருக்க இடம் கொடுப்போம்

(காரைக்குடியில் வணிகர்கள் நடத்திய ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பந்தலுக்கும் மோருக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட பாத்திரக்கடை அண்ணன் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, கடையைச் சாத்திவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அது முறையாகாது. இந்த வயதிலும் காலையில் தன் கையால் கடை திறக்கிறவர். சித்திரை வெயிலில் கடை வாசலில் பானையில் தண்ணீர் வைப்பதை ஒரு வருடம்கூட விட்டதில்லை. வழியில் போகிறவர் யார் என்ன என்று கேட்காமல் ஒரு பெஞ்சும் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெஞ்சைப் பற்றிப் பின்னால் வருகிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு ஒரு நன்றி. எங்கள் தெருவிளக்கு எரியாத நாட்களில் நேரில் வந்து நின்று பார்த்தவர் அவர். 1928இல் நகராட்சியான நம் ஊர் 2024இல் மாநகராட்சியாகி இருக்கிறது. அந்தப் பொறுப்பு இப்போது இவர்கள் தோளில். பாத்திரக்கடை அண்ணனின் மோருக்குத் தனியாக ஒரு நன்றி. கறிவேப்பிலையும் இஞ்சியும் அளவாகப் போட்டிருந்தது.

நம் ஊர் வணிக வளாகத்தைப் பற்றி, ‘காம்ப்ளக்ஸ், அன்றும் இன்றும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அங்கே என்னென்ன கடைகள் வந்தன, எவை போயின என்பது. இரண்டு, கடை வாடகையும் அட்வான்ஸும். மூன்று, கைப்பேசியிலேயே எல்லாம் வாங்குகிற இந்தக் காலத்தில் நம் கடைகள் என்ன செய்வது என்பது. சரி, முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரிக்குப் போகிற வழியில், எண்பதுகளின் கடைசியில் அந்தக் கட்டடம் எழுந்தபோது அந்தப் பக்கம் வெறும் பொட்டல். செம்மண்ணும் கருவேலமும் ஒரு சைக்கிள் பஞ்சர் கடையும்தான். அவ்வளவு தூரம் போய் யார் வாங்குவார்கள் என்று கல்லுக்கட்டிப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. துணி, நகை, பாத்திரம், மளிகை எல்லாம் கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றியே கிடைத்தது. ஆனாலும் கூட்டம் போனது.

கீழ்த்தளத்தில் பாட்டுப் பதிவு செய்யும் கடை. ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்தில் வீடியோ கேசட் வாடகைக்குக் கொடுக்கிற கடை, அதற்கடுத்து ஜெராக்ஸ், பேன்ஸி ஸ்டோர், லேடீஸ் டெய்லர். பொங்கலுக்கு முந்தின வாரம் வாழ்த்து அட்டைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மூலையில் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத். இரவு பதினொன்றுக்கு மேல் கட்டணம் குறையும் என்பதால் அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டம் இருக்கும். சென்னையில் இருக்கிற மகனோடு பேச அம்மா, பம்பாயில் இருக்கிற கணவனோடு பேச மனைவி. கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் அழுதுகொண்டு பேசுவார். வெளியே நிற்பவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்த நாகரிகம் நம் மக்களுக்கு இருந்தது.

ஆனால் கூட்டம் வந்ததற்குக் காரணம் கடைகள் மட்டும் இல்லை என்பது என் துணிபு. கட்டடத்துக்கு முன்னால் அகலமான தாழ்வாரம் இருந்தது, படிகள் இருந்தன, வாசலில் ஒரு வேப்பமரமும் அதைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடையும் இருந்தது. கேசட் பதிவாகிற வரைக்கும், பூத்தில் தன் முறை வருகிற வரைக்கும், ரவிக்கை தைத்து முடிகிற வரைக்கும் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். அழகப்பா கல்லூரி மாணவர்கள் பரீட்சை நேரத்தில் அந்தத் தாழ்வாரத்து டியூப் லைட் வெளிச்சத்தில் படித்தார்கள். அந்த மேடையில் பேசி முடிந்த கல்யாணங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து பேசிய ஆச்சிமார்களில் சிலர் இன்று இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. வீடியோ கேசட் கடை சி.டி. கடையாகி, பிறகு செல்போன் கடையாகியது. எஸ்.டி.டி. பூத் பிரவுசிங் சென்டரானது. பிளஸ் டூ ரிசல்ட் நாளில் ஊரே அங்கே நிற்கும். பிரவுசிங் சென்டரும் போய் இப்போது இ-சேவை மையமாக இருக்கிறது. மேல்தளத்தில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங், ரத்தப் பரிசோதனை நிலையம், கூரியர். பாதி ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. காலம் மாறினால் கடை மாறத்தான் செய்யும். என் மனக்குறை வேறு. இருசக்கர வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று வேப்பமரத்தை வெட்டினார்கள். மேடையை உடைத்தார்கள். படியில் யாரும் உட்காரக்கூடாது என்று முனையான இரும்புக் கம்பிகளை வைத்துப் பதித்தார்கள். ஏன் என்று கேட்டபோது நிர்வாகத்தில் இருந்தவர் சொன்ன பதில்: “இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்.”

என் அப்பத்தாவும் இந்தப் பழமொழியைச் சொல்வார். ஆனால் அதோடு நிறுத்த மாட்டார். “இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பான். கேட்டாக் குடு, பாய்க்கா பஞ்சம்?” என்பார். அப்படிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தது. கம்பி பதித்த சில மாதங்களில் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். பேத்தி கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்தவர். எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, கையில் ஒயர் கூடை. கூட வந்த மருமகள் மாடிக்கு ஏறிப் போய்விட்டார். ஆச்சி தாழ்வாரத்து ஓரத்தில், கம்பி இல்லாத ஒரு மூலையைப் பார்த்து மெதுவாகச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். உடனே காவலாளி வந்தார். அவரும் வயதானவர்தான். “ஆச்சி, இங்கே உட்காரக் கூடாது.” “ஏம்ப்பா?” “வாங்க வந்தவங்க உள்ளே போகணும், இங்கே உட்காரக் கூடாதுன்னு உத்தரவு.” “வாங்க வந்தவதானே நானும்?” “வாங்கிட்டீங்களா?” “இன்னும் இல்லையே.” “அப்ப எந்திரிங்க ஆச்சி, என் வேலைக்கு வம்பாகிடும்.”

ஆச்சி எழுந்தார். ஒரு சொல் பேசவில்லை. நேராகக் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்கிற கடைக்குள் போனார். கை வைத்த நாற்காலியாக, சிவப்பு நிறத்தில் ஒன்று கேட்டார். விலை பேசினார். நம் ஊர் ஆச்சி விலை பேசாமல் வாங்குவாரா? கடைக்காரர் இறங்கி வந்தார். காசைக் கொடுத்து, “பில்லு போடு” என்றார். பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைப் பையன் நாற்காலியைத் தூக்கி வர, தாழ்வாரத்துக்கு நடுவிலே போடச் சொல்லி, சாய்ந்து உட்கார்ந்தார். காவலாளி ஓடி வந்தார். ஆச்சி இடுப்பிலிருந்து பில்லை எடுத்து நீட்டினார். “வாங்கிட்டேன்ப்பா. இப்ப உட்காரலாமா?”

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். மருமகள் இறங்கி வருகிற வரைக்கும் ஆச்சி அங்கேயே இருந்தார். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார், இன்னொருவர் பள்ளத்தூரில் எந்த வீடு என்று விசாரித்தார். கிளம்புகிற நேரத்தில் மருமகள் நாற்காலியைத் தூக்கப் போனார். ஆச்சி தடுத்தார். காவலாளியைக் கூப்பிட்டார். “நான் வந்ததிலேர்ந்து பாக்கிறேன், நீ நின்னுக்கிட்டே இருக்கே. ஒனக்குத்தாம்ப்பா இது. உக்காரு.” அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிவப்பு நாற்காலி வெளிறி, கால் உடைகிற வரைக்கும் அங்கே கிடந்தது. அதை எடுக்கச் சொல்ல நிர்வாகத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்தக் காவலாளியைப் போல எத்தனை பேர் நிற்கிறார்கள்? ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நின்ற பெண் இரவு ஒன்பதரை வரைக்கும் நிற்கிறாள். கால் வீக்கம், நரம்பு சுருட்டல், இடுப்பு வலி. இதற்காகத்தான் 2021இல் நம் சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்களை உட்கார விட வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது இன்று சட்டம். கேரளம் இதை 2018லேயே செய்துவிட்டது. வணிகப் பெருமக்களே, கையெடுத்துக் கேட்கிறேன். உங்கள் கடையில் அந்த இருக்கை இருக்கிறதா? இருந்தால் அதில் அந்தப் பெண் உட்கார முடிகிறதா, அல்லது அதன்மேல் துணிக்கட்டு கிடக்கிறதா?

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. பழைய ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்பு, திண்டு. வாங்குகிறவர் கீழே உட்கார, விற்கிறவரும் எதிரே உட்கார்ந்து கண்டாங்கிச் சேலையைப் பிரித்துப் போடுவார். அந்தக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை உட்கார்ந்து பார்த்து வாங்குகிற பாய்தான் போய்விட்டது. கடல் தாண்டிப் போன நம் ஊர்க்காரர்கள் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கி வைத்திருந்தார்கள். நீண்ட கூடம், ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் பாய். பகலில் அதில் உட்கார்ந்து வரவு செலவு, இரவில் அதே இடத்தில் படுக்கை. இருக்க இடமும் கொடுத்தார்கள், படுக்கப் பாயும் கொடுத்தார்கள். அதனால் யாருடைய தொழிலும் கெட்டுப்போகவில்லை.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துக்கு வெளியே, எடைனா என்ற புறநகரில் 1956இல் சவுத்டேல் என்ற வணிக வளாகம் திறந்தார்கள். முழுக்கக் கூரை போட்டு, குளிர்காலத்திலும் கோடையிலும் ஒரே வெப்பம் இருக்கும்படி கட்டிய வளாகங்களுக்கு அதுதான் முன்னோடி. வரைந்தவர் விக்டர் குருயன், ஹிட்லர் படை புகுந்ததும் வியன்னாவை விட்டு ஓடி வந்தவர். 72 கடைகள், நடுவிலே ஒரு பெரிய முற்றம், செடிகள், பறவைக் கூண்டு, உட்கார இருக்கைகள். தன் ஊரின் சதுக்கத்தைப் போல மக்கள் கூடுகிற இடமாக, சுற்றிலும் வீடும் பள்ளியும் மருத்துவமனையுமாக வளர வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டியவர்கள் கடையை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் கார் நிறுத்த இடம் போட்டார்கள். பின்னாளில் அவர் மனம் வெறுத்து வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். நம் வீடுகளின் வளவு என்கிற உள்முற்றத்தையும் முகப்பையும் திண்ணையையும் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வரும். அவர் தேடியது நம் வீட்டு வாசலிலேயே இருந்தது. அந்தத் திண்ணைத் தூண்கள் இன்று முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன. வாங்குகிறவர்கள் எங்கெங்கோ கொண்டுபோய் ஓட்டல் வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள்.

கோலாலம்பூரில் அம்பாங் பார்க் என்று ஒரு வளாகம் இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே சுற்றியிருப்பார்கள். 1973இல் திறந்தது, ரயில் பாதைக்காக 2017 கடைசியில் மூடினார்கள். கட்டடங்கள் வரும், போகும். நம் காம்ப்ளக்ஸையும் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். கட்டட்டும். வாடகை பற்றியும் கைப்பேசி வியாபாரம் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன், அவற்றுக்கு இன்னொரு மேடை கிடைக்கும். இன்று கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, மாநகராட்சி எல்லைக்குள் புதிதாக எந்த வணிகக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தாலும், பொருள் வாங்காதவரும் உட்காரக்கூடிய நிழலான இடம், குடிதண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிப்பறை, இவை வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி மன்றத்தில் பேசுங்கள். கட்டட உரிமையாளர்கள் அதே பழமொழியோடு வருவார்கள். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். கேட்டால் கொடுக்கலாம் என்று எங்கள் சார்பில் சொல்லுங்கள்.

வணிகர்களே, தலைவர் ஐயா கடை வாசலில் இருக்கும் பெஞ்சைப் போல உங்கள் வாசலில் ஒன்று போடுங்கள். நடைபாதையை மறிக்காமல் சுவரோரமாகப் போட்டால் போதும். பெஞ்சு போட ஒத்துக்கொள்கிறவர்கள் பெயரும் கடை முகவரியும் எழுத, மேடைக்கு இடப்பக்கம் பாத்திரக்கடை அண்ணனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பெயரை தலைவர் ஐயா எழுதிவிட்டார். மரப் பெஞ்சு செய்து தர கோட்டையூர் ஆசாரி ஒருவர் கூலி குறைத்துக்கொள்வதாகச் சொல்லி, இதோ வந்து நிற்கிறார். சாப்பிடப் போவதற்கு முன்னால் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.