ஐந்து கட்டையில் பாடிய டிரான்ஸ்ஃபார்மரும் என் வீணையும்

வணக்கம். மின்வாரியத்தில் பொறியாளராக ஷிப்டு பார்த்துக்கொண்டே வீணை கற்க எப்படி நேரம் கிடைத்தது என்று என்னைச் சந்திக்கிறவர்களில் பலர் கேட்கிறார்கள். இன்னும் சிலர், தாங்களும் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் தொடங்கப்போவதாகவும், அப்போது நேரம் தாராளமாக இருக்கும் என்றும் சொல்கிறார்கள். நேரத்தைப் பற்றிய கணக்கு எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வேலையிலும் வீணையிலும் நான் பயன்படுத்தியது ஒரே காதைத்தான் என்பதால், இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

துணை மின்நிலையத்தில் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் அருகே நின்றவர்களுக்கு அந்த ரீங்காரம் தெரிந்திருக்கும். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதன் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தப்புலத்தால் இரண்டு முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால், நம் காதுக்கு எட்டும் அடிப்படை ஒலி 100 ஹெர்ட்ஸாக இருக்கும். அதோடு 200, 300, 400, 500 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். 200-ஐச் சட்ஜமாக (ஸ) வைத்துக்கொண்டால் 300 அதன் பஞ்சமம் (ப). 500 என்பது மேல் ஸ்தாயியின், அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் அடுத்த சுர அடுக்கின், அந்தர காந்தாரம் (க). நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கிறது என்று வித்வான்கள் சொல்வார்களே, அதே கணக்குதான் இங்கேயும். தம்புராவின் இனிமை இதற்கு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேறு கதி இல்லாத இரவு ஷிப்டில் அதுவே என் சுருதிப்பெட்டியாக இருந்தது.

தொண்ணூறுகளில் தென்னிந்திய மாநிலங்களை இணைக்கும் மின்தொகுப்பில் தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லாததால், மாலை நேரங்களில் ஜெனரேட்டர்களின் வேகம் குறைந்து, அதிர்வெண் 48.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்குவது வழக்கமாக இருந்தது. 48.5 என்றால் ரீங்காரம் 97 ஹெர்ட்ஸ். சட்ஜத்துக்கும் அதற்கு அடுத்த சுரமான சுத்த ரிஷபத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருதி இறங்கிவிட்டது என்று பொருள். வீணை வாசிக்கிற எவருக்கும் அது உடனே உறைக்கும். மீட்டரில் 49 காட்டும்போது ரீங்காரம் 98 ஹெர்ட்ஸில் நிற்கும். அது ஐந்து கட்டை என்று பாடகர்கள் சொல்லும் சுருதியின் சட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது. மணிக்கொரு முறை லாக் ஷீட்டில் அளவீடுகளை எழுதப் போகும்போது, மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே காதால் ஓர் எண்ணை ஊகித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சக ஊழியர்கள் இதைக் கிறுக்கு என்றார்கள்; அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

2003 ஜனவரியில் நம் பகுதிக்கு வந்த புதிய கட்டண முறை, அதிர்வெண் குறைந்திருக்கும் நேரத்தில் கூடுதலாக மின்சாரம் எடுப்பவர்களுக்கு அதிக விலை வைத்ததால், ஏற்ற இறக்கம் பெரிதும் அடங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. இப்போது அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 வரைதான், அந்த வித்தியாசத்தைப் பிரித்தறிய என் காதால் இயலாது. பொறியாளராக மகிழ்ந்தேன், விளையாட்டுப் போய்விட்டதே என்று சற்று வருந்தவும் செய்தேன்.

பணியில் இருந்த காலத்தில் புதிய கீர்த்தனைகளைச் சேர்ப்பதை என் ஆசிரியை ஊக்குவிக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்த உடம்போடு தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசித்தால் போதும் என்றார். இடது கையின் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து உண்டாகும் காய்ப்பு, இடைவெளி விட்டால் இளகிவிடும். பிறகு மெட்டின், அதாவது தந்தியை அழுத்தும் இடத்தில் உள்ள உலோகக் குறுக்குக் கம்பியின் மேல் தந்தியை ஒதுக்கி இழுத்து, சுரத்தை அசைக்கும் கமகம் பிடிக்கும்போது விரல் எரியும். இசை எங்கேயும் ஓடிப்போகாது, ஆனால் தோல் காத்திருக்காது. ஓய்வுக்குப் பிறகு தொடங்கலாம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஓய்வு பெற்ற பின் நான் அதிக நேரம் செலவிட்டது மேளத்தில், அதாவது வீணையின் மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாக அமைப்பதில். பார்க்காதவர்களுக்காக அருகில் காட்டுகிறேன்: வீணையின் கழுத்தான தண்டியின் இரு ஓரங்களிலும் கறுப்பாக ஓடுகிற இந்த மெழுகுச் சட்டங்களின் மேல் 24 மெட்டுகள் பதிந்திருக்கின்றன. இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு என்றதும் எந்தப் பொறியாளருக்கும் கை துறுதுறுக்கும். ஒவ்வொரு மெட்டுக்கும் தந்தியின் நீளம் எவ்வளவு குறைய வேண்டும் என்று கணினியில் அட்டவணை போட்டுவிடலாம். அந்த அட்டவணைப்படி கடைசி இரண்டு மெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம், தந்தி தொடங்கும் மேருவுக்கும் முதல் மெட்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாக வரும். கணக்கு சரிதான், ஆனால் தந்தியின் இழுவிசை மாறாது என்று அது எடுத்துக்கொள்கிறது. உயரமான மெட்டின் மேல் விரலை வைத்து அழுத்தும்போது தந்தி கூடுதலாக இறுகிச் சுரம் மேலே ஏறிவிடும். அந்த ஏற்றமும் மெட்டுக்கு மெட்டு வேறுபடும். மேளம் கட்டுகிறவர் மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை நகர்த்தி, மீட்டி, மறுபடியும் நகர்த்தி ஒவ்வொன்றாக நிறுத்துவதை முழு நாளும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கையில் அளவுகோல் இல்லை. என் அட்டவணை பைக்குள்ளேயே இருந்தது.

வீணையில் தந்திகளைத் தாங்கும் குதிரையில் உள்ள உலோகத் தகடு தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்திருப்பதால்தான் நாதத்தில் இவ்வளவு மேல்சுரங்கள் எழுகின்றன என்பதை சர் சி. வி. ராமன் 1921-லேயே எழுதியிருக்கிறார். 1907 முதல் பத்தாண்டு காலம் அவர் அரசின் நிதித்துறையில் அதிகாரி. அலுவலக நேரம் போக மீதியில்தான் கல்கத்தாவில் ஒலியியல் ஆய்வு செய்தார். மேதையோடு என்னை ஒப்பிடவில்லை, அலுவலகம் முடிந்த மாலைகளுக்கு நம் நாட்டில் நல்ல பரம்பரை உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

மேடை ஏறும் எண்ணம் எனக்கு இல்லை. குடியிருப்பில் வாரந்தோறும் கூடிப் பாடும் பெண்களுக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்கிறேன். அவர்கள் சுருதி விலகினால் தந்தியைச் சற்று அழுத்தி மீட்டுகிறேன், சொல்லித் திருத்துவதில்லை.

பழைய வீணை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: முதன்மைத் தந்தியான சாரணியை வெறுமனே மீட்டிவிட்டு, பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டிப் பாருங்கள், பின்னது மேல் சட்ஜமாகச் சேர வேண்டும். இருபத்து நான்காவது மெட்டில் அதற்கும் மேலே உள்ள சட்ஜம் வர வேண்டும். இவ்விரண்டில் ஒன்று பிசகினாலும், மேளம் கட்டும் செலவை முதலில் விசாரித்துக்கொண்டு, அதைக் கழித்து விலை பேசுங்கள்.