ரவுட்டர் வாங்கப் போறீங்களா? அட்டைப்பெட்டி நம்பரை அப்புறம் பார்க்கலாம்

[திரையில்: ஒரு ஹால். டி.வி.க்குப் பின்னால, ஸ்டீல் பீரோவை ஒட்டி தூசி படிஞ்ச ரவுட்டர்.]

வேலூர் சத்துவாச்சாரியில ஒரு வீடுன்னு வெச்சுக்குங்க. கீழ ஹாலும் ரெண்டு ரூமும், மேல ரெண்டு ரூம். அஞ்சு போன், ரெண்டு லேப்டாப், ஒரு ஸ்மார்ட் டி.வி., வாசல்ல ரெண்டு கேமரா, ஹீட்டருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக். மேல பொண்ணுக்கு ஆன்லைன் இன்டர்வியூ, கீழ தாத்தாவுக்கு யூடியூப்ல பிரவசனம். ராத்திரி எட்டு மணியானா எல்லார் ஸ்கிரீன்லயும் வட்டம் சுத்துது. கடைக்குப் போனா எட்டு ஆன்டெனா வெச்ச பெட்டியைக் காட்டி, "சார், இது மூணு மாடிக்கு அடிக்கும்"னு சொல்றாங்க.

அடிக்காது. ரவுட்டர் எவ்வளவு சத்தமா பேசினாலும், போன் திரும்பப் பதில் சொல்லணும் இல்லையா? போன்ல இருக்கிற ஆன்டெனா சின்னது, பேட்டரியும் சின்னது. அந்தப் பதில் ரவுட்டருக்கு வந்து சேராத இடத்துல, போன் திரையில ரெண்டு கோடு தெரியும், நெட் மட்டும் ஓடாது.

அதனால காசை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. பைபர் வந்து முடியுற பெட்டி இருக்குல்ல, நாம மோடம்னு சொல்றோமே, அதுல இருந்து ஒரு லேன் கேபிளை நேரா லேப்டாப்புல சொருகி, மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்க. பகல்ல ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு கேபிள்லயே 40தான் வருதுன்னா கோளாறு லைன்ல. எந்த ரவுட்டர் வாங்கினாலும் அது 41 ஆகாது. கேபிள்ல 95 வந்து, மாடியில போன்ல 6 வந்தா, அப்போதான் இந்த வீடியோ உங்களுக்கு.

[திரையில்: 4கே படம் – 15, ஃபுல் எச்டி – 5, வீடியோ கால் – 3 முதல் 4 எம்பிபிஎஸ்]

கணக்கைப் பாருங்க. 4கே படம் ஓட 15 எம்பிபிஎஸ் போதும். ஃபுல் எச்டிக்கு 5. வீடியோ கால் ஒண்ணுக்கு போறதுக்கும் வர்றதுக்கும் 3, 4. அந்த வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தாலும் 50ஐத் தாண்டுறது கஷ்டம். அப்புறம் ஏன் 100 எம்பிபிஎஸ் பிளான்ல திணறுது?

வைஃபையில ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். தெருக்குழாயடிதான் இது. கிட்ட இருக்கிற போன் குடத்தை மளமளன்னு ரொப்பிட்டு நகர்ந்துடும். மாடி மூலையில சிக்னல் செத்துக் கிடக்கிற போனுக்கு சொட்டு சொட்டாதான் விழும், ஆனா குடம் ரொம்புற வரைக்கும் குழாயை விடாது. பின்னாடி நிக்கிற டி.வி.யும் லேப்டாப்பும் காத்துக்கிட்டே இருக்கும். ஆக, மூலையில இருக்கிற அந்த ஒரு போனுக்கு நல்ல சிக்னல் கொடுத்தா மொத்த வீடும் வேகமாகும். ரவுட்டர் தேர்ந்தெடுக்கிறது, வைக்கிறது எல்லாமே இதை வெச்சுத்தான்.

இப்போ பெட்டியைத் திருப்புங்க.

[திரையில்: அட்டைப்பெட்டியின் பின்பக்கம், போர்ட் விவரம் குளோசப்]

முதல்ல பார்க்க வேண்டியது ஆன்டெனா இல்லை, போர்ட், அதாவது கேபிள் சொருகுற துளை. "10/100"னு போட்டிருந்தா அதைக் கீழ வெச்சிடுங்க. "10/100/1000" அல்லது கிகாபிட்னு இருக்கணும். ஏசி1200ன்னு (ஏசின்னா வைஃபை 5, ஏஎக்ஸ்னா வைஃபை 6) விலை குறைச்சலா விக்கிற பல மாடல்ல காத்துல 867 எம்பிபிஎஸ் வரைக்கும் போகும்னு எழுதிட்டு, பின்னாடி 100 போர்ட்டைத்தான் வெச்சிருப்பாங்க. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் டெஸ்ட்ல 94, 95ல முட்டிக்கிட்டு நிக்குதுன்னா காரணம் அதுதான். இல்லைன்னா கேபிள். கிகாபிட்டுக்கு கேபிளுக்குள்ள நாலு ஜோடி கம்பியும் வேலை செய்யணும். ஒரு ஜோடி அறுந்தாலும் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும்.

அடுத்து அந்தப் பெரிய நம்பர். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்டுல, அதாவது அலைவரிசையில பேசும். ஏஎக்ஸ்1500ன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 1201, ரெண்டையும் கூட்டி ரவுண்டு பண்ணது. ஏஎக்ஸ்3000ன்னா 574ம் 2402ம். வைஃபை 6 வரைக்கும் ஒரு போன் ஒரு நேரத்துல ஒரு பேண்டுலதான் இருக்கும், கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. பெரும்பாலான போன்ல ரெண்டு ஆன்டெனாதான். 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்துல அதுக்கு உச்சம் 1201. அதுவும் காத்துல பேசுற வேகம், கைக்கு வர்றது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. 2402 வேணும்னா 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணும், போனும் அதுக்கு ஒத்துக்கணும். 160 போட்டா ரேடார் பயன்படுத்துற சேனலும் சேர்ந்துடும். ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா ரவுட்டர் அங்கிருந்து விலகிடும், 5 கிகாஹெர்ட்ஸ் கொஞ்ச நேரம் காணாம போகும். நெருக்கமான தெருவுல 80லயே விட்டுடுறது நல்லது.

நம்ம அபிப்பிராயம்: 200 எம்பிபிஎஸ் வரைக்கும், பத்துப் பன்னிரண்டு சாதனம்னா கிகாபிட் போர்ட் உள்ள ஏஎக்ஸ்1500 தாராளம். காட்பாடியில ஆறு பசங்க சேர்ந்து எடுத்திருக்கிற வாடகை வீடு, ஆளுக்கு ஒரு போன் ஒரு லேப்டாப், 300க்கு மேல பிளான்னா ஏஎக்ஸ்3000. வைஃபை 7 சான்றிதழ் 2024ல வந்தது. அதுல பேசப்படுற 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 6 கிகாஹெர்ட்ஸ் பேண்டு வேணும். 2.4ம் 5ம் மட்டும் இருக்கிற வைஃபை 7 பெட்டிக்கு அந்தப் பேரை நம்பி கூடுதல் காசு கொடுக்காதீங்க.

2.4ஐப் பத்தி ஒரு வார்த்தை. அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணு: 1, 6, 11. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் நெருங்கி நிக்கிற தெருவுல போன்ல தேடினா வைஃபை பேரு திரை கொள்ளாது. அத்தனையும் இந்த மூணு சேனலுக்குள்ளதான். அங்க 2.4ஐ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல வெச்சு, கேமராவுக்கும் பிளக்குக்கும் விட்டுடுங்க. போன், டி.வி., லேப்டாப் எல்லாம் 5க்கு.

[திரையில்: வீட்டு வரைபடம். ரவுட்டர் வாசலில் இருந்து ஹால் நடுச்சுவருக்கு நகர்கிறது.]

சரி, எங்க வைக்கிறது? பைபர் போட வர்றவர் வாசல் ஜன்னலோட முடிச்சிட்டுப் போகத்தான் பார்ப்பார். அன்னிக்கே சொல்லி ஹால் நடுவுக்குக் கொண்டுவாங்க. பைபரை மடக்காம, பெரிய வளைவா திருப்பச் சொல்லுங்க. நறுக்குன்னு மடிஞ்சா ஒளி கசியும், பெட்டியில லாஸ்னு சிவப்பு விளக்கு சிமிட்டும். அப்புறமா மாத்தணும்னா பைபரைத் தொட வேண்டாம், மோடத்துல இருந்து ரவுட்டருக்கு லேன் கேபிளை நீளமா இழுத்துக்கலாம்.

உயரம் அஞ்சு, ஆறு அடி. டி.வி.க்குப் பின்னாடி, பீரோ மேல, ஃபிரிட்ஜ் பக்கத்துல வேண்டாம். இரும்பு சிக்னலைத் திருப்பி அடிக்கும். தண்ணி உறிஞ்சிடும், அதனால மீன்தொட்டி, தண்ணி டிரம் ஓரமும் வேண்டாம். பழைய கல் கட்டடமோ 9 அங்குலச் சுவரோ ரெண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் தளர்ந்துடும். கம்பி கட்டின கான்கிரீட் தளம் இன்னும் மோசம்.

பரண் மேல வைக்கவே கூடாது. பெரும்பாலான வீட்டு ரவுட்டருக்கு 0 முதல் 40 டிகிரி வரைக்கும்தான் கம்பெனிக்காரன் உத்தரவாதம். வேலூர் வெயிலைப் பத்தி வேலூர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல, பரண் உயரத்துல 40 சாதாரணமா தாண்டும். மத்தியானம் ரெண்டு மணிக்கு கட்டாகுது, ராத்திரி தானா சரியாகுதுன்னா, சர்வீஸ்காரரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ரவுட்டரைத் தொட்டுப் பாருங்க. சுவர்ல ஆணி அடிச்சு, காத்து போற துளை மேலும் கீழும் திறந்திருக்கிற மாதிரி மாட்டுங்க.

மாடிக்கு என்ன பண்றது? இங்கதான் நிறைய பேர் காசை விடுறாங்க. ஒரு பெரிய ரவுட்டருக்குப் பதிலா, ரெண்டு நடுத்தர ரவுட்டரும் நடுவுல ஒரு கேபிளும். நூத்துக்குத் தொண்ணூறு வீட்டுக்கு இதுதான் சரி. கேட்6 கேபிள் வாங்கும்போது கம்பியைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், மேல செம்புப் பூச்சு. ஜாயின்ட்ல உடையும். முழுச் செம்பு கேளுங்க. கன்சீல்டு பைப்ல டி.வி. கேபிள் போற வழி இருந்தா அதுலயே இழுக்கலாம். வெளிச்சுவர் வழியா போகணும்னா வெளிப்புறத்துக்குன்னே இருக்கிற கறுப்பு உறை போட்ட கேபிள்தான் வெயிலுக்குத் தாங்கும். கோடை மழையில இடி இடிக்கும்போது அந்தச் செம்புக் கம்பியில வோல்டேஜ் பாய்ஞ்சு போர்ட் போயிடும். முடிஞ்ச வரைக்கும் வீட்டுக்குள்ளயே கொண்டுபோங்க.

[திரையில்: பழைய ரவுட்டரின் செட்டிங் பக்கம்]

மேல வைக்கிறதுக்கு பழைய ரவுட்டரே போதும். ஆக்சஸ் பாயின்ட் மோடு, அதாவது கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா மட்டும் கொடுக்கிற மோடு இருந்தா அதைப் போடுங்க. இல்லைன்னா, கீழ இருக்கிறதோட ஐபி (நெட்வொர்க் முகவரி) 192.168.1.1ன்னா, இதோட ஐபியை 192.168.1.2ன்னு மாத்தி, டிஎச்சிபியை (மத்த சாதனங்களுக்கு ஐபி கொடுக்கிற வேலை) ஆஃப் பண்ணி, கீழ இருந்து வர்ற கேபிளை வேன் (WAN) போர்ட்ல இல்லாம லேன் போர்ட்ல சொருகுங்க. கீழ இருக்கிறது 192.168.0.1ன்னா, மேல 192.168.0.2. டிஎச்சிபியை ஆஃப் பண்ண மறந்தா ரெண்டு ரவுட்டரும் ஐபி கொடுத்து, பாதி போனுக்கு நெட் இருக்காது. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுக்கும் ஒண்ணு, சேனல் வேற வேற. மாடிக்கு வந்தப்புறமும் போன் கீழ் ரவுட்டரையே பிடிச்சுத் தொங்கினா, கீழ இருக்கிற 2.4ஓட பவரை ஒரு படி குறைங்க.

கேபிள் இழுக்கவே முடியாதுன்னா மெஷ், அதாவது காத்துலயே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ரவுட்டர் செட். ரெண்டே பேண்டு உள்ள மெஷ் அதே 5 கிகாஹெர்ட்ஸ்ல வாங்கி அதுலயே திருப்பிக் கொடுக்கணும், அதனால வேகம் பாதியாகும். ரெண்டாவது பெட்டியை சிக்னல் இல்லாத ரூம்ல வைக்காதீங்க, பாதி வழியில, மாடிப்படி திரும்புற இடத்துல வைங்க. சிக்னலே இல்லாத இடத்துல உக்காந்த பெட்டி எதை எடுத்துக் கொடுக்கும்?

நெட் கொடுக்கிறவங்க பெட்டியிலயும் வைஃபை இருக்கும். புது ரவுட்டரை அதுக்குப் பின்னாடி போட்டா ரெண்டு வைஃபை ஒண்ணோட ஒண்ணு முட்டும், ஐபியும் ரெண்டு தடவை மாறும். வாசல் கேமராவை வெளியூர்ல இருந்து பார்க்கிறது, கேம் விளையாடுறது எல்லாம் சிக்கலாகும். பெட்டியை பிரிட்ஜ் மோடுல, அதாவது நெட்டை அப்படியே உங்க ரவுட்டருக்குக் கடத்துற மாதிரி போடச் சொல்லி, லைன்ல லாகின் பண்ற பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, கம்பெனி லைனுக்கு வெச்சிருக்கிற விலான் நம்பர் மூணையும் எழுதி வாங்கிக்குங்க. தர மாட்டேன்னா, உங்க ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுல வெச்சு, பெட்டியோட வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க. அதே பெட்டியில லேண்ட்லைன் போன் ஓடுதுன்னா பிரிட்ஜ் போடுறதுக்கு முன்னாடி அதுக்கு என்ன ஆகும்னு கேட்டுக்குங்க.

கரன்ட் போறப்போ நெட் நிக்கக் கூடாதுன்னா மினி யுபிஎஸ். ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, மோடத்துக்கும் வேணும். ரெண்டு அடாப்டரையும் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர்னு இருந்தா மொத்தம் 2.5. 2 ஆம்பியர் மினி யுபிஎஸ் அதுக்குப் பத்தாது. ஒண்ணு 9 வோல்ட்னா அதே 12 வோல்ட் பின்னைச் சொருகிடாதீங்க, கருகிடும். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தும் கரன்ட் போற ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுதா? இன்வெர்ட்டர் பின்னாடி யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க.

செட்டிங்ல மூணு விஷயம். பாதுகாப்பு டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலந்தது. டபிள்யூபிஏ3 மட்டும்னு போட்டா பழைய ஸ்மார்ட் பிளக் சேராது. வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் விருந்தாளிக்கும் கெஸ்ட் நெட்வொர்க். க்யூஓஎஸ் (எந்த வேலைக்கு எவ்வளவு வேகம்னு பிரிக்கிற செட்டிங்) இருந்தா அப்லோடு அளவை உங்களுக்கு உண்மையில வர்றதுல 85, 90 சதவீதத்துக்குக் கட்டிவைங்க. போன் ராத்திரி போட்டோ பேக்கப் பண்ணும்போது வீடியோ கால் திக்குறது பெரும்பாலும் அப்லோடு வரிசை நிரம்புறதாலதான்.

எல்லாம் முடிச்சதும் ஆண்ட்ராய்டு போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, கதவை எல்லாம் சாத்திட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு ரூம் ரூமா நடங்க. ஆப் சிக்னல் பலத்தை டிபிஎம்ல மைனஸ் நம்பரா காட்டும், ஜீரோவுக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்லா இருந்தா வீடியோ கால் தாங்கும். மைனஸ் 75ன்னு காட்டுற ரூம்ல யாராவது தினம் உக்காந்து வேலை பார்க்கிறாங்கன்னா, ரவுட்டரை ரெண்டடி நகர்த்தி மறுபடி பாருங்க. அப்படியும் ஏறலைன்னா அந்த ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்துடுங்க.